கொடிக்கு முந்தி அகத்தி

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் பேருந்து, முக்காணியில் தாமிரபரணிப் பாலத்தைக் கடந்ததும் ஆத்தூர் வந்துவிடும். சாலையை விட்டு உள்ளே இறங்கினால் வெற்றிலைக் கொடிக்கால்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ஆத்தூர் வெற்றிலை விளைவது இங்கேதான். கொடிக்கால் போடுகிறவர் முதலில் ஊன்றுவது வெற்றிலையை அல்ல, அகத்தியை. அகத்தி முளைத்து, நிமிர்ந்து, கொஞ்சம் நிழல் கொடுக்கத் தொடங்கிய பிறகே அதன் காலடியில் விதைக்கொடியை வைப்பார். கொடி ஏற ஏற, நாரால் அகத்தியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே போக வேண்டும். அகத்தி அடர்ந்து வெயிலை அடைத்தால் அதைக் கழித்துவிடுவார்கள். கழித்த தழை ஆடுமாடுகளுக்குத் தீனி. கொடி தானே ஒன்றைத் தேடிப் பிடித்துக்கொள்ளட்டும் என்று விடுகிற வழக்கம் இல்லை. எதைப் பற்றி ஏறப்போகிறது என்பது கொடி வருமுன்பே தீர்மானமாகிவிடும்.

மனிதர்களுக்கு அப்படி அமைவதில்லை. பள்ளியில் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தவன், தெருவில் கூட விளையாடியவன், ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போனவன் என்று நட்பு பெரும்பாலும் வந்து வாய்த்ததாகவே இருக்கும். பிள்ளை வீட்டுக்கு நேரங்கழித்து வரத் தொடங்கும்போதுதான் அம்மா வாயில் அந்தச் சொல் வரும்: "சேர்க்கை சரியில்லை." தமிழ் வீடுகளில் ஒருவரின் வீழ்ச்சியைச் சொல்ல இதைவிடச் சுருக்கமான வார்த்தை கிடையாது. கிறிஸ்தவ வீடுகளில் அதோடு விவிலியமும் சேர்ந்துகொள்ளும். தீயோர் கூட்டத்தில் உட்காராதே என்று திருப்பாடல்களின் முதல் பாடலே எச்சரிக்கிறது. ஆனால் அதே விவிலியத்தில்தான், வரி தண்டுகிறவர்களோடும் ஊரார் ஒதுக்கியவர்களோடும் பந்தியில் உட்கார்ந்ததற்காக இயேசு பழி கேட்கிறார். ஒரு கிறிஸ்தவர் இதில் எதைக் கைக்கொள்வது? பெரும்பாலோர் சொல்லும் எளிய விடை, நம் ஆட்களோடு இரு, மற்றவர்களிடமிருந்து தள்ளி இரு என்பது. தூத்துக்குடியை ஒட்டிய கடற்கரையான முத்துக்குளித்துறையின் வரலாறு அந்த எளிய விடையை ஏற்க விடுவதில்லை.

இந்தக் கரையில் கிறிஸ்தவம் வேர்விட்டதே ஒரு துணைதேடலில்தான். 1530களில் முத்துச் சலாபத்தின், அதாவது முத்துக்குளிப்பின், உரிமைக்காக நடந்த மோதலில் பரதவர்கள் நெருக்கப்பட்டிருந்தார்கள். குதிரை வணிகரான ஜான் த குருஸ் என்பவரின் யோசனைப்படி அவர்களின் பெரியவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்த்துகீசியரின் பாதுகாப்பைக் கேட்டார்கள். 1535 முதல் 1537க்குள் ஏறத்தாழ 20,000 பேர் திருமுழுக்குப் பெற்றதாகச் சொல்லப்படுகிறது. பாதுகாப்பு கிடைத்தது. அதற்கு விலையும் இருந்தது. ஆனால் மதத்தைக் கற்றுக்கொடுக்க ஆள் வரவில்லை. 1542இல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரையில் கால் வைத்தபோது, கிறிஸ்தவர் என்ற பெயரைத் தவிர வேறொன்றும் தெரியாத மக்களைத்தான் கண்டார்.

சவேரியார் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டியது, தமிழில் செபங்களை மனப்பாடம் செய்தது, மணப்பாட்டுக் குகையில் தங்கியது எல்லாம் கடற்கரைக் குழந்தைக்கும் தெரியும். அவர் யாருடைய நட்பில் அப்படி ஆனார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சேர்க்கை பற்றி யோசிக்கிற எவருக்கும் அந்தக் கதை தேவை.

1525இல், 19 வயதில், நவார் நாட்டுப் பிரபு குடும்பத்துப் பிள்ளையான பிரான்சிஸ் பாரிஸுக்குப் படிக்கப் போனார். புனித பார்பரா கல்லூரியில் அவரோடு ஒரே அறையில் தங்கியவர் பீட்டர் ஃபேபர். இருவரும் 1506 ஏப்ரலில் சில நாள் இடைவெளியில் பிறந்தவர்கள். ஃபேபர் சவோய் மலைநாட்டில் ஆடு மேய்த்து வளர்ந்தவர். 1529இல் அந்த அறைக்கு மூன்றாவதாக ஒருவர் வந்து சேர்ந்தார். வயது 38. முன்னாள் போர்வீரர், குண்டடி பட்டு ஒரு கால் தாங்கித் தாங்கி நடப்பவர், பிச்சை எடுத்துப் படிப்பவர். பெயர் இக்னேஷியஸ் லொயோலா. ஃபேபர் சீக்கிரமே அவரிடம் மனம் ஒன்றிவிட்டார். பிரான்சிஸ் ஒன்றவில்லை. பதவியும் பெயரும் தேடிக்கொண்டிருந்த இளைஞனுக்கு அந்தப் பிச்சைக்கார மாணவர் கேலிக்குரியவராகவே தெரிந்தார். இக்னேஷியஸ் விலகிப் போகவில்லை. பிரான்சிஸ் ஆசிரியரானபோது அவருடைய வகுப்புக்கு மாணவர்களைச் சேர்த்துவிட்டார். கைச்செலவுக்குப் பணம் முடைப்பட்டபோது உதவினார். மனம் திரும்ப ஆண்டுகள் ஆயின. 1534 ஆகஸ்ட் 15 அன்று மோன்மார்த்ர் குன்றில் ஏழு பேர் ஒன்றாக நேர்ந்துகொண்டபோது பிரான்சிஸும் அவர்களில் ஒருவர்.

அடுத்த ஆண்டு மார்ச் 25 அன்று தம் அண்ணன் ஹுவானுக்குப் பிரான்சிஸ் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. அதைப் படித்தால், நம் ஊர் வீட்டுத் திண்ணையில் நடக்கும் பேச்சுப் போலவே இருக்கும். பாரிஸில் தம்பி யாரோ ஒருவனோடு சேர்ந்து கெட்டுப்போகிறான் என்று அண்ணன் காதுக்குச் செய்தி போயிருந்தது. அந்த "யாரோ ஒருவன்" இக்னேஷியஸ்! தம்பி பதில் எழுதினார்: அவரைப் பற்றிக் கேட்டதை நம்ப வேண்டாம், பணத்தாலும் நண்பர்களாலும் எனக்குத் துணை நின்றவர் அவர், எல்லாவற்றுக்கும் மேலாக, அனுபவக் குறைவால் நான் இனங்காணாமல் இருந்த தீய சேர்க்கையிலிருந்து என்னை விலக்கியவர் அவர். அந்தக் கடிதத்தை நவாருக்குக் கொண்டுபோனவரும் இக்னேஷியஸ்தான்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். குடும்பத்தின் கண்ணுக்குக் கெட்ட சேர்க்கையாகத் தெரிந்தவர், பிரான்சிஸைக் காப்பாற்றியவர். நல்ல சேர்க்கையாகத் தெரிந்தவர்களோ பல்கலைக்கழகத்து மனிதர்கள், படித்தவர்கள், மரியாதைக்குரியவர்கள், அனைவரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள். பிற்காலத்தில், 1545இல், மயிலாப்பூரில் பங்குக் குருவின் வீட்டில் தங்கியிருந்த சில மாதங்களில், சவேரியார் தம் மாணவப் பருவத்தைப் பற்றி அவரிடம் மனம்விட்டுப் பேசியிருக்கிறார். இரவில் மாணவர்களைத் தீய இடங்களுக்கு அழைத்துப் போனவர்களில் அவர்களுடைய ஆசிரியர் ஒருவரும் இருந்தார். அந்த ஆசிரியரின் உடம்பில் நோய் வைத்த புண்களைக் கண்ட அச்சமே தம்மைத் தடுத்தது என்று சவேரியார் மறைக்காமல் சொன்னார். நண்பர்களைத் தேர்ந்தெடுக்கும் அறிவு அந்த வயதில் தமக்கு இருந்தது என்று அவர் எங்கும் பெருமை பேசவில்லை. தாம் கெட்டுப்போகாதது அச்சத்தாலும் இன்னொருவரின் பொறுமையாலும் என்பதே அவர் சொன்னதன் பொருள். பிள்ளைகளிடம் "நல்லவர்களைப் பார்த்துப் பழகு" என்று சொல்லிவிட்டு ஓய்ந்துவிடும் பெரியவர்கள் இதை யோசிக்க வேண்டும். பார்த்துத் தெரிந்துகொள்ளும் கண் பதினெட்டு வயதில் பலருக்குத் திறந்திருப்பதில்லை. தள்ளினாலும் போகாமல் அருகிலேயே நிற்கும் ஒருவர் தேவைப்படுகிறார்.

முத்துக்குளித்துறைக்கு வந்த பிறகு சவேரியாருக்கு இந்தப் பாடம் வேறு வடிவில் திரும்ப வந்தது. இங்கே பெருந்தொல்லை கொடுத்தவர்களில் ஒருவர் அவருடைய சொந்த மதத்தவர்: போர்த்துகீசியத் தளபதி கோஸ்மே தே பைவா. மக்களைக் காக்க அனுப்பப்பட்டவரே அவர்களை வருத்திக்கொண்டிருந்தார். 1544இல் தம் உடன்பணியாளர் பிரான்சிஸ்கோ மான்சிலாஸுக்கு எழுதிய கடிதங்களில் சவேரியார் அதைப் பற்றிக் கொதித்திருக்கிறார். அதே ஆண்டு செப்டம்பரில் வடுகர் படை தூத்துக்குடியைத் தாக்கியது. பைவாவின் கப்பலும் வீடும் எரிந்தன. அவர் தீவுகளில் ஒதுங்கிக் கிடந்தார். செய்தி கேட்ட சவேரியார் உடனே மான்சிலாஸுக்கு எழுதினார்: புன்னைக்காயல் மக்களோடு தோணிகளில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு போய் அந்த மனிதருக்கு உதவு. ஆத்தூரைத் தாண்டி, தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருக்கும் அதே புன்னைக்காயல்தான்.

நட்புக்கும் அன்புக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க இறையியல் நூல்கள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. இந்த ஒரு கடிதம் அதை விளக்கிவிடுகிறது. பைவாவின் ஆலோசனையைச் சவேரியார் ஏற்கவில்லை, அவர் செய்ததைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவும் இல்லை. தாகத்தில் கிடந்தபோது தண்ணீர் மறுக்கவும் இல்லை. யாருக்கு உதவுவது என்பதில் தேர்வு கிடையாது. யாருடைய பேச்சைக் கேட்டு நடப்பது என்பதில் தேர்வு உண்டு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் சிலர் ஊரையே ஒதுக்குகிறார்கள், சிலர் யார் சொன்னாலும் தலையாட்டுகிறார்கள்.

மான்சிலாஸின் கதை வருத்தமானது. 1541இல் சவேரியாரோடு லிஸ்பனிலிருந்து கப்பலேறியவர். மக்களிடம் பொறுமையாயிரு, அவர்களை நேசி, அவர்கள் உன்னை நேசிக்கும்படி நடந்துகொள் என்று சவேரியார் அவருக்குத் திரும்பத் திரும்ப எழுதினார். பிறகு கிழக்கே மலுக்குத் தீவுகளுக்கு வரச் சொன்னபோது அவர் போகவில்லை. அதனால் இயேசு சபையிலிருந்து நீக்கப்பட்டார். மகான் ஒருவரின் அருகில் இருப்பது மட்டும் யாரையும் மகானாக்கிவிடாது. அகத்தி நேராக நின்றாலும், அன்றாடம் சேர்த்துக் கட்டாத கொடி தரையில்தான் ஓடும்.

தீய சேர்க்கை நல்ல பழக்கத்தைக் கெடுக்கும் என்ற பவுலடியாரின் எச்சரிக்கை கோவில் சுவர்களில் எழுதிவைக்கும் அளவுக்குப் புகழ் பெற்றது. கொரிந்தியர் முதல் திருமுகத்தின் 15ஆம் அதிகாரத்தில் வரும் அந்தக் கூற்று, மெனாந்தர் என்ற கிரேக்க நகைச்சுவை நாடக ஆசிரியருடையது என்பார்கள் அறிஞர்கள். கிறிஸ்துவுக்கு முன் வாழ்ந்த ஒரு நாடகக்காரரின் வாக்கை எடுத்துத்தான் சேர்க்கையைப் பற்றிப் பவுல் எச்சரிக்கிறார். அந்த அதிகாரம் குடியையோ சூதையோ பற்றியதும் அல்ல. இறந்தோர் உயிர்ப்பதில்லை என்று சபைக்குள்ளேயே பேசித் திரிந்தவர்களைப் பற்றியது. அதே திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்தில் இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறார்: விலகு என்று நான் எழுதியது வெளியாட்களை மனத்தில் வைத்து அல்ல, அப்படியானால் உலகத்தையே விட்டுப் போக வேண்டியிருக்கும், சகோதரர் என்ற பெயரை வைத்துக்கொண்டு பேராசையிலும் ஏமாற்றிலும் வாழ்கிறவரைத்தான் சொன்னேன். பவுலின் வேலி ஊருக்கு வெளியே அல்ல, கோவிலுக்குள் இருக்கிறது. பைவாவைப் பார்த்த சவேரியாருக்கு இது நன்றாகவே விளங்கியிருக்கும்.

திருக்குறளில் நட்புக்குக் கொடுத்திருக்கும் இடமும் இங்கே நினைக்கத் தக்கது. நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என்று 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரங்கள் தொடர்ந்து வருகின்றன. அதற்கு முன்பே பெரியாரைத் துணைக்கோடலும் சிற்றினம் சேராமையும் அரசனுக்கென்று வந்துவிடுகின்றன. ஆராய்ந்து நட்புக் கொள் என்று சொன்ன அதே வள்ளுவர், பழகிய நண்பர் உரிமையில் செய்யும் பிழையைப் பொறுத்துக்கொள்ளவும் ஓர் அதிகாரம் முழுக்கச் சொல்கிறார். சாயர்புரத்தில் பணியாற்றிய ஜி. யு. போப் இந்த நூலை 1886இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். நல்ல துணையை மதத்தின் எல்லைக்கு வெளியிலும் கண்டுகொண்ட கிறிஸ்தவர் அவர்.

அரசர்கள் முதல் நூலின் 12ஆம் அதிகாரத்தில் அரசன் ரெகபெயாம் இரண்டு கூட்டத்தாரிடம் ஆலோசனை கேட்கிறான். முதியவர்கள், மக்களின் சுமையைக் குறை என்றார்கள். கூட வளர்ந்த இளைஞர்கள், இன்னும் ஏற்று என்றார்கள். அவன் பின்னதைப் பிடித்துக்கொண்டான். பத்துக் குலங்கள் கையை விட்டுப் போயின. அவனுக்கு நல்ல ஆலோசனை கிடைக்காமல் இல்லை. முதல் விடை பிடிக்காததால்தான் இரண்டாவது கூட்டத்தாரிடம் போனான். இன்றைக்கு அதற்கு நடக்கவேகூட வேண்டாம். கையிலிருக்கும் போனில் விரல் தள்ளினால் போதும், நாம் கேட்க விரும்புவதையே சொல்கிற முகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். விசுவாசம் வைத்தால் கார் வரும் என்று சொல்கிற போதகரும், அயல் மதத்துக்காரரை வெறுக்கச் சொல்லி வாட்ஸ்ஆப்பில் பரப்புகிற "ஜெபக் குழு"வும் அந்த வரிசையில் உண்டு. சேர்க்கை சரியில்லை என்று சொல்ல அம்மாவுக்கும் வழியில்லை. யாரோடு சேர்ந்திருக்கிறான் என்பது அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

முத்துக் குளித்த நாள்களில், யாரை நம்புவது என்ற கேள்விக்குக் கடலில் ஒரு நடைமுறை விடை இருந்தது. காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குகிறவர் ஏறத்தாழ ஒரு நிமிடம் அடியில் இருப்பார். மேலே வள்ளத்தில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழிருந்து கயிறு அசைந்த கணத்தில் இழுத்தாக வேண்டும். அந்தக் கயிற்றை மச்சானிடம்தான் கொடுப்பார்கள் என்று கடற்கரையில் சொல்வது வழக்கம். தங்கை தாலி அறக் கூடாது என்ற அக்கறை அவன் கையில் இருக்கும் என்பது கணக்கு. கயிறு பிடிப்பவன் கலகலப்பாகப் பேசுகிறானா என்பதை அங்கே யாரும் பார்ப்பதில்லை. நான் பிழைத்து மேலே வருவதில் இவனுக்கு அக்கறை உண்டா என்பதே கேள்வி. தூத்துக்குடிக் கரையில் கடைசி முத்துச் சலாபம் 1961இல் முடிந்துபோனது. கேள்வி மட்டும் முடியவில்லை.

அந்தக் கேள்விக்கு விடையாகத் தென்கோடியில் இன்னொரு நட்பு இருந்தது. 1741 ஆகஸ்டில் குளச்சல் போரில் திருவிதாங்கூர் வென்று, டச்சுப் படையினரைச் சிறைப்பிடித்தது. அவர்களில் ஒருவர் யூஸ்டேஷியஸ் டி லனாய். மன்னர் மார்த்தாண்ட வர்மா அவரிடமே படைப் பயிற்சியை ஒப்படைத்தார். அரண்மனைப் பணியில் இருந்த, 1712இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன் பிள்ளைக்கு டி லனாயோடு பழக்கம் ஏற்பட்டது. ஒருவர் தோற்ற படையின் கைதி, மற்றவர் வென்ற அரசின் அதிகாரி. மொழி வேறு, மதம் வேறு. நீலகண்டன் பொருள் இழப்பிலும் மனச்சோர்விலும் இருந்த காலத்தில், டி லனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என்பது வழிவழியாக வரும் செய்தி. எல்லாவற்றையும் இழந்த ஒருவரிடம் சொல்வதற்கு அது துணிச்சலான கதை. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அருகில் வாய் திறவாமல் உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்கள். துன்பத்துக்கு அவனே காரணம் என்று விளக்கத் தொடங்கியதும் கெட்டுப்போனார்கள். டி லனாய் விளக்கம் சொல்லவில்லை, கதையைச் சொன்னார்.

நீலகண்டன் திருமுழுக்கு கேட்டபோது, டி லனாய் ஒரு கடிதம் கொடுத்து வடக்கன்குளத்துக்கு அனுப்பினார். 1745 மே 14 அன்று இயேசு சபைக் குரு புத்தாரியின் கையால் நீலகண்டன் தேவசகாயம் ஆனார். உற்றாருக்கும் அரண்மனைக்கும் இது சேர்க்கை சரியில்லாததன் விளைவு. அரசுக்கும் அந்த எண்ணம்தான். 1749இல் கைது செய்தார்கள். அடுத்த மூன்று ஆண்டுகள் சித்திரவதை, நாடுகடத்தல். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று ரோமில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

கயிறு பிடித்தவர் அப்போது என்ன செய்தார்? டி லனாய் தம் நண்பரைச் சாவுக்கு அனுப்பிய அதே அரசின் தளபதியாகவே இருந்தார். நண்பரைக் காப்பாற்ற அவரால் முடியவில்லை. நண்பர் இறந்த பின் 25 ஆண்டுகள் அவர் அந்தப் பணியில் வாழ்ந்தார். அந்த ஆண்டுகளில் அவர் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடிவதில்லை. நல்ல சேர்க்கையின் பயன் நல்ல வாழ்க்கை என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு இந்த நட்பு ஒத்துவராது. இதில் ஒருவருக்கு நேர்ந்தது சாவு, மற்றவருக்கு நேர்ந்தது அந்தச் சாவோடு வாழ்வது.

சவேரியாரும் தம் பாரிஸ் நண்பர்களை 1541இல் கப்பலேறிய பிறகு காணவில்லை. அவரை இந்தியாவுக்கு அனுப்பியவர் இக்னேஷியஸ்தான்; அந்தப் பிரிவுக்குப் பின் இருவரும் சந்திக்கவே இல்லை. 1546 மே மாதம் அம்போன் தீவிலிருந்து எழுதிய கடிதத்தில் சவேரியார் ஒரு செய்தி சொல்கிறார். ஐரோப்பாவிலிருந்து வந்த கடிதங்களில் நண்பர்கள் தங்கள் கையாலேயே எழுதிய பெயர்களை வெட்டியெடுத்து, தம் வாக்குறுதிப் பத்திரத்தோடு சேர்த்து எப்போதும் உடம்பிலேயே வைத்திருக்கிறாராம். பாரிஸில் ஒரே அறையில் படுத்தவர்களின் பெயர்கள், கரையில்லாத கடலில் அவர் மார்பின் மேல் கிடந்தன.

தேவசகாயத்தின் உடல் கோட்டாறு சவேரியார் கோவிலுக்குள் இருக்கிறது. அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டர் அளவில் புலியூர்க்குறிச்சி, உதயகிரிக் கோட்டை. கோட்டைக்குள் மரங்களுக்கு நடுவே, கூரையிழந்த ஒரு சிறு கோவிலில் 1777இல் இறந்த டி லனாயின் கல்லறை இருக்கிறது. மேலே பதித்த கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறார்கள். கோட்டாறு வரும் கூட்டத்தில் அங்கே வரை போகிறவர்கள் குறைவு.